220 மீட்டர் சரி, எந்தக் கோட்டிலிருந்து?

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியர், திண்டிவனத்தில் இருக்கிறேன். மரக்காணம் பக்கத்தில், ஈ.சி.ஆர். சாலைக்கும் கடலுக்கும் நடுவில், ஒரு கிராம ஊராட்சியில் 60-க்கு 40 மனை பார்த்திருக்கிறேன். மேற்கே கொஞ்சம் தள்ளி ஒரு உப்பங்கழி ஓடை போகிறது. "கடலிலிருந்து 220 மீட்டர், எச்.டி.எல். தாண்டிவிட்டது, என்.டி.இசட். கிடையாது, கிழக்கே ரோடு இருப்பதால் சி.ஆர்.இசட். பிரச்சினையே இல்லை" என்கிறார் தரகர். டி.டி.சி.பி. அப்ரூவல், பட்டா எல்லாம் காட்டுகிறார். இந்தச் சொற்களுக்கு என்ன அர்த்தம்? முன்பணம் கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள் ஐயா. தரகர் சொன்ன சொற்கள் எல்லாமே சட்டத்தில் இருப்பவைதான். ஆனால் அவற்றை அவர் பொருத்தியிருக்கிற விதம் ஒன்றுகூடச் சரியில்லை.

முதலில் எச்.டி.எல். இதைத் தமிழில் உயர் ஓதக் கோடு என்று சொல்லலாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம், அதாவது கடல் நீர்மட்டம் தினமும் ஏறி இறங்குவது, அதிகமாக ஏறுகிற நாட்களில் தண்ணீர் நிலத்தில் எதுவரை வருகிறதோ, அந்த எல்லைதான் அது. நீங்கள் போய் நின்றபோது அலை வந்து காலை நனைத்த இடம் அல்ல. தரகர்கள் பெரும்பாலும் ஈர மணலில் டேப்பை வைத்து அளந்து காட்டுவார்கள். சாய்வு குறைந்த கரையில் உண்மையான கோடு அங்கிருந்து 30, 40 மீட்டர் உள்ளே இருக்கக்கூடும். அவர் அளந்த 220 மீட்டரில் 40-ஐக் கழித்துப் பாருங்கள், 180தான் மிச்சம். அந்த 180-க்கும் 200-க்கும் நடுவில்தான் உங்கள் சேமிப்பு மாட்டிக்கொள்ளும்.

ஏன் 200 என்றால், அதுதான் என்.டி.இசட்., அதாவது புதிய கட்டுமானம் கூடாத பகுதி. கடலோரத்தில் உயர் ஓதக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை சி.ஆர்.இசட். என்கிற கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம். அதற்குள் கிராமப்புறம் மூன்றாம் வகையில் வரும். மத்திய அரசின் 2019 சி.ஆர்.இசட். அறிவிக்கை இந்த மூன்றாம் வகையை இரண்டாகப் பிரித்தது. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் இருக்கும் ஊர் என்றால் தடைப்பகுதி 50 மீட்டர். அதற்குக் குறைவென்றால் 200 மீட்டர். அந்த 50 மீட்டர் சலுகையும், புதிய அறிவிக்கையின்படி தயாரித்த கடற்கரை மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடத்துக்கு ஒப்புதல் கிடைத்த இடத்தில்தான் செல்லும். "என்.டி.இசட். கிடையாது" என்று தரகர் சொன்னால், எந்த ஆண்டு அறிவிக்கை, எந்த வரைபடம், உங்கள் ஊராட்சி அதில் எந்தப் பிரிவு என்ற மூன்றையும் கேளுங்கள். ஓய்வு பெற்ற ஒருவர் ஒரு மனை வாங்குவதற்கு மக்கள்தொகைக் கணக்கைப் புரட்ட வேண்டியிருக்கிறது. இது எந்த ஊர் நியாயம் என்று எனக்குப் புரியவில்லை. ஊராட்சி வாரியாக ஒரு பலகையில் தமிழில் எழுதி அலுவலக வாசலில் மாட்ட எவ்வளவு நேரம் ஆகும்?

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படவைத்தது கடல் அல்ல, மேற்கே போகிற அந்த ஓடை. தரகர் அதைப் பற்றிப் பேசவே இல்லை, பாருங்கள். சி.ஆர்.இசட். கடலுக்கு மட்டுமானது என்று பலர் நினைக்கிறார்கள். ஓதம் ஏறி இறங்குகிற கழிமுகம், உப்பங்கழி, ஓடை, ஆறு எல்லாவற்றின் கரைக்கும் அது உண்டு. 2019 அறிவிக்கைப்படி அந்தக் கரைகளில் 50 மீட்டர் அல்லது ஓடையின் அகலம், இரண்டில் எது குறைவோ அது. 2011 அறிவிக்கையில் இதே கணக்கு 100 மீட்டராக இருந்தது. ஓடை 30 மீட்டர் அகலம் என்றால் இரண்டு கணக்கிலும் 30 மீட்டர்தான். 80 மீட்டர் அகலம் என்றால் ஒன்றில் 50, மற்றதில் 80. எந்த வரைபடம் நடைமுறையில் இருக்கிறது என்று நான் திரும்பத் திரும்பக் கேட்கச் சொல்வது இதனால்தான். கிராமப்புறத்தில் இந்த ஓடைக்கரைப் பட்டையும் கட்டுமானம் கூடாத பகுதிதான்.

அப்புறம், ஓதம் ஓடையில் எதுவரை போகிறது என்பதை எப்படி முடிவுசெய்கிறார்கள்? உப்பை வைத்து. ஆண்டிலேயே மிகவும் வறண்ட காலத்தில் எடுத்த தண்ணீரில் ஆயிரத்துக்கு 5 பங்கு, அதாவது லிட்டருக்கு 5 கிராம் அளவுக்கு உப்பு இருக்கிற இடம் வரை ஓதம் எட்டுவதாகக் கணக்கு. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம். இதில் ஒரு பொறி இருக்கிறது. கார்த்திகை மழை முடிந்த கையோடு உங்களை அழைத்துப் போய், "வாயில் வைத்துப் பாருங்க சார், உப்பே கரிக்கலை, இது ஏரித் தண்ணி" என்பார்கள். மழைக்காலத்தில் அந்தப் பக்கத்து நீர்நிலைகள் இனிக்கத்தான் செய்யும். 2024-ல் ராம்சார் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த, உங்கள் பக்கத்துக் கழுவேலி ஏரியே மழைக்குப் பின் ஒரு மாதிரி, கோடையில் வேறு மாதிரி. சட்டம் பார்ப்பது கோடைத் தண்ணீரை.

இப்போது அந்த ரோடு. இதை நிதானமாகப் படியுங்கள், ஏமாறுகிறவர்களில் பாதிப்பேர் இங்கேதான் விழுகிறார்கள். ஏற்கெனவே உள்ள சாலைக்கு நிலப்பக்கமாக வீடு கட்டலாம் என்ற விதிவிலக்கு உண்மையிலேயே உண்டு. ஆனால் அது இரண்டாம் வகைக்கு, அதாவது நகர எல்லைக்குள், பாதிக்கு மேல் மனைகளில் வீடு வந்து, சாலை, வடிகால், குடிநீர்க் குழாய் எல்லாம் ஏற்கெனவே போட்டுவிட்ட இடத்துக்கு. நீங்கள் சொல்வது கிராம ஊராட்சி. அங்கே இந்த விதி செல்லாது. சரி, நகரமே என்று வைத்துக்கொண்டாலும், பழைய சாலைக்கும் கடலுக்கும் நடுவில் புதிதாக ஒரு சாலை போட்டு, அதைக் காட்டி வீட்டுக்கு அனுமதி வாங்க முடியாது என்று அறிவிக்கையே வெளிப்படையாகச் சொல்கிறது. மனைப்பிரிவு போட்டவரே கிழக்கே ஒரு தார்ச்சாலையோ கிராவல் சாலையோ போட்டிருப்பார். அது மனைகளை விற்பதற்காகப் போட்ட ரோடு, உங்களைக் காப்பாற்றாது. இதே விதியில் 'அனுமதி பெற்ற நிலையான கட்டடம்' என்றும் ஒரு வாசகம் உண்டு. முன்னால் ஒரு ரிசார்ட் நிற்கிறது என்பதால் அது அனுமதி பெற்றது என்று நினைத்துவிடாதீர்கள்.

பட்டா நிலம் யாருடையது என்று சொல்லும். பத்திரப் பதிவு அது கைமாறியதைச் சொல்லும். டி.டி.சி.பி. என்கிற நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் மனைப்பிரிவின் சாலை, பூங்கா ஒழுங்கைச் சொல்லும். கட்டலாமா என்ற கேள்விக்கு இந்த மூன்றும் பதிலாகாது. "300 சதுர மீட்டருக்குக் கீழே சொந்த வீடு என்றால் சி.ஆர்.இசட். தேவையே இல்லை" என்பது இப்போது புதிதாகச் சுற்றுகிற பேச்சு. அந்த அளவு வரை சொந்தக் குடியிருப்புக்கு மாநிலக் கடற்கரை மண்டல மேலாண்மை ஆணையத்தின் பரிந்துரை வேண்டாம், உள்ளாட்சியே அனுமதி தரலாம், அவ்வளவுதான். அந்த உள்ளாட்சியும் சி.ஆர்.இசட். விதிகளைப் பார்த்துத்தான் தர வேண்டும். தடைப்பகுதிக்குள் தந்தால் அந்த அனுமதி நிற்காது. கொச்சி அருகே மரடில் இதுதான் நடந்தது. 2006-ல் ஊராட்சி கொடுத்த அனுமதியை நம்பிக் கட்டப்பட்ட அடுக்குமாடி வளாகங்கள் நான்கை, அந்த இடம் மூன்றாம் வகை என்றும் கடற்கரை ஆணையத்தின் அனுமதி இல்லை என்றும் சொல்லி, இடிக்கும்படி 2019 மே 8-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அங்கே குடியிருந்தவர்களும் உங்களைப் போல ஆவணங்களைப் பார்த்துவிட்டு வாங்கியவர்கள்தான்.

மணல்மேடு இருந்த இடமா என்றும் பாருங்கள். மணல்மேடு முதல் வகை, அதில் வீடு கிடையாது. பொக்லைன் வைத்துச் சமப்படுத்திவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் படத்தைத் திருப்பிப் பார்த்தால் தெரியும். பேரனோ பேத்தியோ பத்து நிமிடத்தில் காட்டிவிடுவார்கள்.

கரை நகர்வதையும் மறக்க வேண்டாம். 1980-களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் வந்தபின், வடக்கு நோக்கிப் போகிற மணல் தடைபட்டு, பொம்மையார்பாளையம் பக்கத்துக் கரை அரிக்கப்பட்டதை உங்கள் மாவட்டத்துக்காரர்களே சொல்வார்கள். இன்றைய 220 மீட்டர் உங்கள் பேரன் காலத்திலும் 220-ஆக இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது.

சரி, என்ன செய்வது? கிராமத்தின் பெயர், புல எண், உட்பிரிவு மூன்றையும் எழுதி, மாவட்ட ஆட்சியர் தலைமையில் இயங்கும் மாவட்டக் கடற்கரை மண்டல மேலாண்மை ஆணையத்துக்கு எழுத்தில் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தின் கீழும் கேட்கலாம். இணையத்தில் கிடைக்கிற 1:25,000 வரைபடத்தை நம்பி முடிவெடுக்க வேண்டாம். அதில் உங்கள் மனையின் 60 அடி ஒரு மில்லிமீட்டர்கூட வராது. ஒரு பென்சில் கோட்டின் தடிமனில் ஒரு குடும்பத்தின் வீடு காணாமல் போகிற வரைபடத்தை, அதையும் ஆங்கிலத்தில் போட்டு, மக்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விடுவது பொறுப்பான வேலை அல்ல. புல எண் தெரிகிற, சுமார் 1:4,000 அளவு வரைபடத்தைக் கேளுங்கள். கோட்டுக்கு மிக அருகில் வருகிறது என்றால், அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம் போல மத்திய அரசு அங்கீகரித்த நிறுவனத்திடம் உங்கள் புலப்படத்தை அந்த வரைபடத்தின் மேல் பொருத்தி அறிக்கை வாங்கலாம். அதற்குச் செலவு ஆகும். அதை விற்பவர் ஏற்கட்டும். "எங்க ஆளே கிளியரன்ஸ் லெட்டர் வாங்கித் தருவார்" என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தனியார் ஆலோசகரின் லெட்டர்பேடில் வந்த கடிதத்தை அரசு அனுமதி என்று நம்பியவர்கள் என்னிடம் வந்து அழுதிருக்கிறார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு மனை பிடித்திருந்தால், ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: கடலிலிருந்தும் ஓடையிலிருந்தும் தடைப்பகுதிக்கு வெளியே உள்ளது என்று எழுத்துபூர்வ பதில் வராவிட்டால் முன்பணம் முழுவதும் திரும்பத் தரப்படும். இந்த வரிக்குக் கையெழுத்துப் போட விற்பவர் தயங்கினால், அந்த மனையின் நிலை அவருக்கு முன்பே தெரியும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.