பிரதேச சபைக்கு இளையோர் ஆலோசனைக் குழு: எதை முதலில் எழுதுவது?

கேள்வி: வன்னியில் உள்ள ஒரு பிரதேச சபையின் தவிசாளர் நான். 2025 மே தேர்தலில் வந்த சபை. எங்கள் பகுதி இளையோரைக் கொண்டு ஓர் ஆலோசனைக் குழு அமைக்க விரும்புகிறோம். சட்டத்தில் இடமுண்டா? வாக்குரிமை இல்லாத 16, 17 வயதுப் பிள்ளைகளைச் சேர்க்கலாமா? "இளைஞர் கழகங்கள் இருக்க இது எதற்கு?" என்று சில உறுப்பினர்கள் கேட்கிறார்கள். செலவு செய்தால் கணக்காய்வில் மாட்டிக்கொள்வோமா என்ற பயமும் இருக்கிறது.

பதில்: சட்டத்தில் இடமுண்டு. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க பிரதேச சபைகள் சட்டத்தின் 12 ஆம் பிரிவு, ஆலோசனைக்காகக் குழுக்களை நியமிக்கும் அதிகாரத்தைச் சபைக்குத் தருகிறது. அந்தக் குழுவில் சபை உறுப்பினர்களோடு சபை எல்லைக்குள் வசிக்கும் மற்றவர்களும் இருக்கலாம். வசிப்பவர் என்பதுதான் தகுதி, வாக்காளர் இடாப்பில் பெயர் இருப்பது அல்ல. ஆகவே 16 வயதுப் பிள்ளைக்குத் தடையில்லை. கலப்புக் குழு என்பதால் உறுப்பினர் இருவரையாவது உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் தலைமை அவர்களிடம் போகக்கூடாது. நகர சபைக்கும் மாநகர சபைக்கும் வேறு கட்டளைச் சட்டங்கள் என்பதால் அங்குள்ளவர்கள் இந்தப் பிரிவை அப்படியே எடுத்துப் போட முடியாது.

பெரும்பாலும் எல்லோரும் தொடங்குவது தவறான முனையில்: அங்குரார்ப்பண விழா, பொன்னாடை, அடையாள அட்டை, முகநூலில் படம். மூன்றாவது கூட்டத்துக்கு ஐந்து பேர்கூட வருவதில்லை. பொறுப்பில்லாத பிள்ளைகள் என்று பழியையும் அவர்கள் மேலேயே போட்டுவிடுகிறோம். அவர்கள் சொன்னதற்கு சபை என்ன பதில் சொன்னது என்று யாரும் பார்ப்பதில்லை. ஆலோசனைக் குழுவுக்குத் தீர்மானிக்கும் அதிகாரம் கிடையாது; கொடுக்கவும் முடியாது. கொடுக்கக்கூடியது ஒன்றே ஒன்று: எழுத்தில் பதில் பெறும் உரிமை. அதைப் பிரேரணையிலேயே எழுதிவிடுங்கள். ஏறத்தாழ இப்படி:

"1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க பிரதேச சபைகள் சட்டத்தின் 12 ஆம் பிரிவின் கீழ், சபைக்கு ஆலோசனை வழங்கவென 18 பேர் கொண்ட இளையோர் ஆலோசனைக் குழுவைச் சபை நியமிக்கிறது. குழு எழுத்தில் தரும் ஒவ்வொரு பரிந்துரைக்கும் சபை 45 நாட்களுக்குள், ஏற்பதா இல்லையா என்பதைக் காரணத்துடன் எழுத்தில் அறிவிக்கும்."

45 நாள் ஏன்? சபையின் பொதுக் கூட்டம் மாதம் ஒரு முறை. கூட்டம் முடிந்த மறுநாள் ஒரு பரிந்துரை வந்தால் அடுத்த கூட்டத்துக்கே 30 நாள் போய்விடும். மிச்சம் 15 நாள் தொழில்நுட்ப உத்தியோகத்தர் போய்ப் பார்த்து வரவும் கடிதம் எழுதவும். "14 நாளில் பதில்" என்று ஆசைப்பட்டு எழுதினால் முதல் மாதமே வாக்குத் தவறும். தீர்மானத்தின் பிரதியை உள்ளூராட்சி உதவி ஆணையாளருக்கும் அனுப்பி வையுங்கள்.

18 என்பது 16 இளையோரும் 2 உறுப்பினர்களும். இளையோர் வயது 16 முதல் 25 வரை. வட்டாரத்துக்கு ஒருவர் என்று பிரிக்காதீர்கள். வட்டார உறுப்பினரின் அக்கா மகன்தான் வந்து சேருவார். கிராம அலுவலர் பிரிவுகளை 7 தொகுதிகளாகச் சேர்த்து, தொகுதிக்கு ஒரு பெண், ஓர் ஆண் என 14 ஆசனங்கள். மற்ற இரண்டும் இளைஞர் கழகங்களின் பிரதேச சம்மேளனத்துக்கு. இதுவே உங்கள் உறுப்பினர்களின் கேள்விக்கும் விடை. இளைஞர் கழகங்கள் தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்தின் கீழ் இயங்குபவை. சபைக்கு ஆலோசனை சொல்வது அவற்றின் வேலையல்ல, அவற்றில் சேராத பிள்ளைகளும் ஏராளம். கழகங்களை ஒதுக்கினால் பகை வளரும், முழுவதையும் கழகங்களிடம் கொடுத்தால் ஏற்கெனவே மேடை ஏறியவர்களே மறுபடி ஏறுவார்கள். இளைஞர் சேவைகள் அதிகாரியை அவதானிப்பாளராக அழைத்தால் போதும்.

14 பேரையும் தேர்தலில் அல்ல, சீட்டுக் குலுக்கலில் எடுங்கள். தேர்தல் என்றால் நண்பர் கூட்டம் பெரிதாக உள்ள, நன்றாகப் பேசுகிற உயர்தர வகுப்பு மாணவர்கள் வெல்வார்கள். கருவாட்டு வாடியிலும் ஆடைத் தொழிற்சாலையிலும் வேலை செய்யும் பிள்ளை போட்டியிடவே மாட்டாது. ஒரு பக்க விண்ணப்பம் போதும்: பெயர், வயது, கிராம அலுவலர் பிரிவு, படிப்பா வேலையா, சபை உறுப்பினருக்கு உறவா, கட்சிப் பதவி உண்டா. நெருங்கிய உறவும் கட்சிப் பதவியும் உள்ளவர்களை விலக்குவது என்று முன்கூட்டியே அறிவியுங்கள். விண்ணப்பம் சபை அலுவலகத்தில் மட்டும் கிடந்தால் பயனில்லை. சனசமூக நிலையங்கள் உங்களிடம் பதிவு செய்தவைதானே, அங்கிருந்து தொடங்கி விளையாட்டுக் கழகம், டியூஷன் நிலையம், தொழிற்சாலை பஸ் நிற்கும் சந்தி என்று கொண்டுபோய்க் கொடுங்கள்.

குலுக்கலைப் பொது இடத்தில் இரண்டு சுற்றாக வையுங்கள். முதல் சுற்றில் பாடசாலையை விட்டவர்களின் விண்ணப்பங்களை மட்டும் போட்டு 5 பேரை எடுங்கள். மாற்றுத்திறனாளி ஒருவருக்கான இடத்தையும் அதிலேயே உறுதி செய்துகொள்ளலாம். பிறகு மிச்ச விண்ணப்பங்கள் எல்லாவற்றையும் ஒன்றாகப் போடுங்கள். ஒரு தொகுதியின் பெண் இடம் நிரம்பிவிட்டால், அதே தொகுதியிலிருந்து அடுத்து வரும் பெண்ணின் சீட்டைக் காத்திருப்போர் பட்டியலுக்கு வையுங்கள். அந்தப் பட்டியல் கட்டாயம் தேவைப்படும்: கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் ஆண்டு நடுவில் பிள்ளைகள் போவார்கள். பதவிக் காலம் இரண்டு ஆண்டு. முதல் தடவை மட்டும் பாதிப்பேருக்கு ஓராண்டு, அதையும் சீட்டால் தீர்மானியுங்கள். இல்லையென்றால் இரண்டு ஆண்டு முடிவில் எல்லோரும் ஒன்றாக வெளியேற, புதியவர்கள் அரிச்சுவடியிலிருந்து தொடங்குவார்கள்.

18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டும். கூட்டத்தை இருட்டுவதற்கு முன் முடியுங்கள். உத்தியோகத்தரோ உறுப்பினரோ அவர்களோடு தனித்தனியாக வாட்ஸ்அப்பில் பேசாமல் குழுவில் மட்டும் பேசட்டும். அனுமதியின்றிப் படம் போடக்கூடாது. சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்தை முதல் நாளே சொல்லி வையுங்கள்.

முதல் கூட்டத்தில் கருத்துக் கேட்காதீர்கள். கேட்டால் பஸ் வரவில்லை, பாடசாலையில் ஆசிரியர் இல்லை, ஏ9 வீதியில் வேகத்தடை வேண்டும் என்று வரும். பஸ் இலங்கைப் போக்குவரத்துச் சபையும் மாகாணப் போக்குவரத்தும் பார்ப்பது, ஆசிரியர் வலயக் கல்வி அலுவலகத்தின் விடயம், ஏ9 வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. மூன்றுக்கும் "எமது அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல" என்று பதில் போனால் குழு அன்றோடு சரி. முதல் கூட்டத்தில் பிரதேச வரைபடத்தை மேசையில் விரித்து, சபையின் வீதிகள், தெருவிளக்கு, கழிவகற்றல், நூலகம், மைதானம், சந்தை, முன்பள்ளி, மயானம், வடிகால் எவையெவை என்று காட்டுங்கள். போன ஆண்டுப் பாதீட்டில் ஒவ்வொன்றுக்கும் போன தொகையையும் பக்கத்தில் எழுதுங்கள். பெரியவர்களில் பலருக்கே இது தெரியாது என்பது வேறு கதை.

இரண்டாவது கூட்டம் பரிந்துரை எழுதப் பழகுவதற்கு. "வீதி விளக்குப் போட வேண்டும்" என்பது பரிந்துரை அல்ல, முறைப்பாடு. இப்படி இருக்க வேண்டும்: "வாசிகசாலைச் சந்தியிலிருந்து மகா வித்தியாலயம் வரை 11 மின்கம்பங்கள். 4 கம்பங்களில் விளக்கு இல்லை, 2 இல் எரிவதில்லை. கம்ப இலக்கங்கள் கீழே. மாலை 6.30 க்கு டியூஷன் முடிந்து பெண் பிள்ளைகள் சைக்கிளில் வரும் வழி இது. இந்த ஆறையும் முதலில் செய்யவும்." இதைப் பார்த்த தொழில்நுட்ப உத்தியோகத்தர் மறுநாளே மதிப்பீடு போடலாம், மறுக்க விரும்பும் உறுப்பினருக்கும் காரணம் தேட வேண்டியிருக்கும். ஒரு கூட்டத்துக்கு மூன்று பரிந்துரைக்கு மேல் வேண்டாம்.

கூட்டத்தைச் சபைப் பொதுக் கூட்டத்துக்குப் பத்து நாள் முன்னதாக, மாதத்துக்கு ஒன்றாக வையுங்கள். இடம் பொது நூலகம். சபா மண்டபத்தில் ஒலிவாங்கிக்கு முன்னால் இருத்தினால் இருவர் பேசுவார்கள், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். செயலாளர் ஓர் உத்தியோகத்தரைப் பெயர் குறித்து நியமிக்கட்டும். நூலகர் சம்மதித்தால் அவரே நல்ல தெரிவு. கூட்டறிக்கை மூன்று நாளில் உரிய நிலையியற் குழுவுக்குப் போய், அங்கிருந்து பொதுக் கூட்ட நிகழ்ச்சி நிரலில் தனி விடயமாக ஏற வேண்டும். "வேறு விடயங்கள்" என்பதன் கீழ் போட்டால் நேரம் முடிந்துவிடும்.

பணம் பற்றிய பயம் நியாயமானதே, ஆனால் வழி இருக்கிறது. குழுவுக்குத் தேவைப்படுவது பஸ் காசு, தேநீரும் வடையும், அச்சடிப்பு அவ்வளவுதான். பாதீட்டில் இதற்கென ஒரு செலவுத் தலைப்பு இல்லாமல் ஒரு ரூபாயும் செலவிடாதீர்கள். இந்த ஆண்டுப் பாதீட்டில் இல்லையென்றால் குறைநிரப்பு மதிப்பீட்டைச் சபையில் நிறைவேற்றிவிட்டுத் தொடங்குங்கள். வருகைக் கொடுப்பனவு என்று எதுவும் வேண்டாம். உண்மையான பஸ் கட்டணத்தை மட்டும் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். தீர்மான இலக்கம், வருகைப் பதிவேடு, வவுச்சர் மூன்றும் ஒரே கோப்பில் இருந்தால் கணக்காய்வு வினா வந்தாலும் அரை மணி நேரத்தில் பதில் எழுதலாம்.

இந்தக் குழுவைச் சிரமதானத்துக்கு ஆள் பிடிக்கும் பட்டியலாக்கிவிடாதீர்கள். டெங்கு ஒழிப்பு, மரநடுகை, பிரமுகர் வரவேற்பு என்று கூப்பிடத் தொடங்கினால் ஆலோசனை மறந்துபோகும். விரும்பியவர் தனியாக வரட்டும்.

நாட்காட்டியையும் பாருங்கள். அடுத்த ஆண்டுப் பாதீடு டிசம்பரில் நிறைவேற வேண்டுமென்றால் குழுவின் பாதீட்டுப் பரிந்துரைகள் செப்டெம்பருக்குள் கையில் இருக்க வேண்டும். உயர்தரப் பரீட்சை 2024 இலும் 2025 இலும் நவம்பரில் தொடங்கியது, ஆனால் திகதி மாறக்கூடியது. பரீட்சை வரும் மாதத்திலும் அதற்கு முந்திய மாதத்திலும் மாணவர்களை எதிர்பார்க்க முடியாது. அந்த இரண்டு மாதமும் கூட்டம் இல்லை என்று முதலிலேயே அறிவித்துவிடுங்கள். பெப்ரவரியில் குலுக்கல் வைத்தால் மார்ச் முதல் செப்டெம்பர் வரை ஏழு கூட்டம் வரை கிடைக்கும்.