வாசகர் கேள்வி – பதில்: பழைய ஜீப்புக்கு ஆயில் பிரஷர் கேஜ்

கேள்வி: என்னிடம் பழைய மஹிந்திரா எம்.எம். 540 டீசல் ஜீப் உள்ளது. போடிமெட்டுக்கு மேலே உள்ள ஏலத் தோட்டத்துக்கு அதில்தான் போய் வருகிறேன். டாஷ்போர்டில் ஆயிலுக்கென ஒரு சிவப்பு விளக்கு மட்டுமே இருக்கிறது. தனியாக ஆயில் பிரஷர் கேஜ் பொருத்த விரும்புகிறேன். மெக்கானிக்கல் வகை நல்லதா, எலெக்ட்ரிக்கல் வகை நல்லதா? கேஜ் வந்தபின் பழைய விளக்கை எடுத்துவிடலாமா?
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: விளக்கை எடுக்காதீர்கள். கொண்டை ஊசி வளைவில் வண்டியைத் திருப்பும்போது உங்கள் கண் சாலையில் இருக்குமே தவிர, கேஜின் முள்ளில் இருக்காது. அந்த நேரத்தில் சிவப்பு விளக்குதான் கவனத்தை இழுக்கும். ஆனால் விளக்கை மட்டும் நம்பவும் முடியாது. அதற்கான சுவிட்ச் பொதுவாக அழுத்தம் 0.3 முதல் 0.5 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அலகு) கீழே இறங்கிய பிறகே விளக்கை எரியவைக்கும். பாரத்தோடு மலையேறும்போது 3 பார் இருக்க வேண்டிய அழுத்தம் 1 பாருக்கு விழுந்தாலும் விளக்கு எரியாது. இன்ஜினின் சுழல்தண்டைத் தாங்கும் கிராங்க் பேரிங் மட்டும் தேய்ந்துகொண்டிருக்கும். எனவே, சுவிட்ச் இருக்கும் இடத்தில் மூன்று வாய் கொண்ட ஒரு ‘டீ’ இணைப்பைப் போட்டு, ஒரு வாயில் பழைய சுவிட்சையும் மறு வாயில் கேஜுக்கான இணைப்பையும் கொடுப்பதே முறை.

வகையைப் பொறுத்தவரை, உங்கள் வண்டிக்கு மெக்கானிக்கலையே சிபாரிசு செய்வேன். பழைய ஜீப்புகளில் எர்த் இணைப்பு துருப்பிடித்திருப்பது மிகச் சாதாரணம். எர்த் சரியில்லாத எலெக்ட்ரிக்கல் கேஜ் பொய் சொல்லும், அந்தப் பொய்யை நம்பி நல்ல இன்ஜினைப் பிரிப்பவர்களும் உண்டு. எலெக்ட்ரிக்கல்தான் வேண்டுமென்றால் மீட்டரையும் சென்சாரையும் ஒரே ஜோடியாக வாங்குங்கள். ஐரோப்பிய வகைச் சென்சாரின் மின்தடை, அழுத்தம் கூடக்கூட 10 ஓமிலிருந்து 180 ஓமுக்கு ஏறும். அமெரிக்க வகையில் 240-லிருந்து 33-க்கு இறங்கும். இரண்டையும் கலந்து மாட்டினால் முள் தலைகீழாக ஓடும்.

மெக்கானிக்கல் வகையில் இன்ஜினின் சூடான ஆயிலே குழாய் வழியாக டாஷ்போர்டு வரை வருகிறது; அந்தக் குழாய் உடைந்தால், இன்ஜின் தன் ஆயிலைத் தானே வெளியே இறைத்துவிடும், அதுவும் உங்கள் காலின் மேல். எனவே செலவு செய்ய வேண்டிய இடம் கேஜ் அல்ல, குழாய்தான். மலிவான கேஜுகளோடு வரும் பிளாஸ்டிக் குழாயைத் தூக்கிப்போட்டுவிடுங்கள். செம்புக் குழாய் நல்லது; ஆனால் ரப்பர் மவுண்டில் ஆடும் இன்ஜினுக்கும் ஆடாத பாடிக்கும் இடையில் அதை நேராக இழுத்துக் கட்டினால், அதிர்வில் செம்பு இறுகி ஒருநாள் முறிந்துவிடும். நடுவில் இரண்டு மூன்று சுருள் விட வேண்டும். அதைவிடச் சிறந்தது, இன்ஜினிலிருந்து ஃபையர்வால் (இன்ஜினையும் ஓட்டுநர் இடத்தையும் பிரிக்கும் தகடு) வரை கம்பிப் பின்னல் போட்ட ஹோஸ், அங்கிருந்து கேஜ் வரை செம்பு என்று பிரித்துக்கொள்வது. ஃபையர்வால் துளையில் ரப்பர் புஷ் கட்டாயம். சூடான புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு அருகே குழாய் போகவே கூடாது.

பட்டறைகளில் அதிகம் கெடுவது மரைதான். உங்கள் வண்டியின் எக்ஸ்.டி.பி. 4.90 இன்ஜின் பிரான்ஸின் பூஜோ வடிவமைத்தது என்பதால் மெட்ரிக் மரைக்கு வாய்ப்பு அதிகம். என்றாலும், இத்தனை ஆண்டுகளில் அந்தத் துளையை யார் யார் டேப் (மரை வெட்டும் கருவி) போட்டு மாற்றினார்களோ! அமெரிக்கக் குழாய் மரையான 1/8 என்.பி.டி.க்கு அங்குலத்துக்கு 27 சுற்று, பிரிட்டிஷ் குழாய் மரையான 1/8 பி.எஸ்.பி.க்கு 28 சுற்று. எம்10×1 மெட்ரிக் மரையும் ஏறக்குறைய அதே அளவுதான். ஒன்றில் இன்னொன்று இரண்டு சுற்று சுகமாக ஏறி, பிறகு பிளாக்கின் மரையைத் தின்றுவிடும். பழைய சுவிட்சைக் கழற்றி லேத் பட்டறைக்கே எடுத்துச் சென்று, மரை கேஜ் வைத்துப் பார்த்து ‘டீ’ வாங்குங்கள், கண்மதிப்பு வேண்டாம்.

கேள்வி: கேஜ் மாட்டிய பிறகுதான் கவலை வந்தது. கொடைக்கானல் ஏறி வண்டியை நிறுத்தி ஐடிலிங்கில் விட்டால் முள் 1 பாருக்கு இறங்குகிறது. காலையில் வீட்டில் 4 பார் காட்டுகிறது. இன்ஜின் போய்விட்டதா?
– வாசகர், வத்தலக்குண்டு

பதில்: இல்லை. குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருப்பதால் அழுத்தம் அதிகமாகவும், சூடேறி இளகியபின் குறைவாகவும் காட்டுவது இயல்பு. சூடான இன்ஜினுக்கு நிமிடத்துக்கு ஒவ்வொரு 1000 சுற்றுக்கும் சுமார் 10 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற கணக்கு), அதாவது ஏறக்குறைய 0.7 பார் என்பது மெக்கானிக்குகள் கைக்கொள்ளும் தோராயக் கணக்கு. வண்டியின் மேனுவல் வேறு எண் சொன்னால் அதையே பின்பற்ற வேண்டும். பயப்பட வேண்டியது வேறு இரண்டு அறிகுறிகளுக்கு. ஏற்றத்தில் முள் திடீரென்று துள்ளினால் இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் ஆயில் குறைந்து பம்ப் காற்றை இழுக்கிறது என்று பொருள். வண்டியைச் சமதரையில் நிறுத்தி அளவு பாருங்கள். அதே சாலையில், அதே வேகத்தில், மாதத்துக்கு மாதம் எண் இறங்கிக்கொண்டே வந்தால் பேரிங் தேய்கிறது. அப்போது கெட்டியான ஆயிலை ஊற்றி முள்ளை ஏற்றிவைப்பது நோயை மறைக்குமே தவிர, தீர்க்காது.

அழுத்தம் அதிகமாக இருப்பது மட்டும் நல்ல செய்தியும் அல்ல. தோட்டத்துக் குழாயின் வாயைக் கட்டைவிரலால் அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறும், செடிக்குத் தண்ணீர் போகாது. ஆயில் வழி அடைத்திருந்தாலும் கேஜ் அப்படித்தான் நிறைவாகக் காட்டக்கூடும். வண்டி சூடான பிறகும் முள் இறங்காமல் நின்றால் அழுத்தம் மிஞ்சினால் ஆயிலைத் திறந்துவிடும் ரிலீஃப் வால்வைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கடையில் கிலோ கணக்கில் ஒரு கேஜும் பி.எஸ்.ஐ. கணக்கில் ஒரு கேஜும் காட்டுகிறார்கள். எதை வாங்குவது?
– வாசகர், திருமங்கலம்

பதில்: எதுவானாலும் சரி. சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ என்பது 14.2 பி.எஸ்.ஐ.; 1 பார் என்பது 14.5. அளவு 7 கிலோ அல்லது 100 பி.எஸ்.ஐ. வரை இருந்தால் போதும். லாரி ஏர் பிரேக்குக்கான கேஜை மலிவு என்று மாட்டிவிடாதீர்கள். அது காற்றுக்குச் செய்தது, சூடான ஆயிலுக்கு அல்ல.