டம்ளரை எடுத்துக் கலந்து வையுங்கள்

கேள்வி: காசநோய்க்கு 6 மாதம் மாத்திரை சாப்பிட்டு முடித்துவிட்டேன். சளியில் கிருமி இல்லை, குணமாகிவிட்டது என்கிறார்கள். ஆனாலும் என் டம்ளரைத் தனியாகத்தான் கவிழ்த்து வைக்கிறேன். யாரும் சொல்லவில்லை, நானேதான். தக்காளி மண்டியில் லேசாக இருமினாலும் படபடப்பு. பேத்தியைத் தூக்கப் பயம். ராத்திரி 2 மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது.
- 52 வயது வாசகர், பாலக்கோடு

பதில்: முதலில் பேத்தியைத் தூக்குங்கள் ஐயா. காசநோய் காற்றில் பரவுவது, டம்ளரில் ஒட்டிக்கொண்டு வருவதில்லை. அதுவும் உங்களுக்குக் குணமாகிவிட்டது.

இத்தனை நாள் வீட்டில் தினமும் "மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்டிருப்பார்கள். கோர்ஸ் முடிந்ததும் அந்தக் கேள்வி நின்றுவிடும். பயம் மட்டும் நிற்காது. பலருக்கு மனது தளர்வதே அப்போதுதான். (இதை டாக்டர்கள் நாங்களும் கேட்க மறந்துவிடுகிறோம்.)

2 வாரத்துக்கு மேல் தூக்கம் இப்படியே இருந்தால் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவைப் பாருங்கள். ராத்திரியில் மனது தாங்கவில்லையா? அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் பேசுங்கள், இலவசம்தான். இருமலுக்குப் பயந்து தினமும் நெஞ்சைத் தடவ வேண்டாம். 2 ஆண்டுக்கு, 6 மாதத்துக்கு ஒருமுறை மறுபரிசோதனை உண்டு, அதைத் தவறவிடாதீர்கள். நடுவில் இருமலோ காய்ச்சலோ 2 வாரம் நீடித்தால் மட்டும் முன்னதாகவே போய்விடுங்கள்.