விலை ஏறும்போது எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது?

காங்கேயம் பகுதியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கணவருக்குத் திருப்பூர் பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை, வாரச் சம்பளம். வாடகை வீடு, பள்ளிக்குச் செல்லும் இரண்டு பிள்ளைகள். "விலைவாசி உயர்வு குறைந்துவிட்டது என்று செய்தியில் சொல்கிறார்கள், கடைக்குப் போனால் அப்படித் தெரியவில்லை. பருப்பையும் முட்டையையும் பாதியாகக் குறைத்துவிட்டேன். மற்ற சாமான்களைச் சின்னப் பாக்கெட்டாகவே வாங்குகிறேன். ஆனாலும் மாதக் கடைசியில் கடைக்காரரிடம் கணக்கு நிற்கிறது. கடன் வாங்கியாவது அரிசி, புளி, மிளகாயை மொத்தமாக வாங்கிப் போட்டுவிடலாமா?" என்று கேட்கிறார்.

முதலில் அந்தச் செய்தியைப் பற்றி. நாட்டின் சில்லறைப் பணவீக்கம் 2024 அக்டோபரில் 6.21 சதவீதமாக இருந்து, 2025 அக்டோபரில் 0.25 சதவீதமாக இறங்கியது உண்மைதான். ஆனால் இறங்கியது விலை ஏறும் வேகம்; ஏற்கெனவே ஏறிய விலை அப்படியே நிற்கிறது. 100 ரூபாய்க்கு வாங்கிய சாமான் ஓராண்டில் 7 சதவீதமும் அடுத்த ஆண்டில் 3 சதவீதமும் ஏறினால், வேகம் பாதிக்கும் கீழே குறைந்த பிறகும் அதன் விலை 110 ரூபாயாகவே இருக்கும். அந்த ஈராண்டில் கூலி 10 சதவீதம் உயராத வீட்டில் பற்றாக்குறை தொடரத்தான் செய்யும். மேலும், அரசு சொல்வது நாடு முழுவதற்குமான சராசரி. அந்தச் சராசரி இறங்கிய அதே 2025இல்தான் தேங்காய் எண்ணெய் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டியது. பொள்ளாச்சி வட்டாரத் தோப்புகளை வேர் வாடல் நோயும் வெள்ளை ஈயும் தாக்கிக் காய்ப்புக் குறைந்ததும், 2024 செப்டம்பரில் இறக்குமதி சமையல் எண்ணெய்களுக்கான வரி உயர்த்தப்பட்டதும் எண்ணெய் விலையை ஏற்றிவிட்டன. காங்கேயத்தில் கொப்பரைக் களங்களைத் தாண்டித்தான் நீங்கள் கடைக்குப் போக வேண்டியிருக்கும். தோப்பு வைத்திருப்பவருக்கு வரவாக வந்த அதே விலை, எண்ணெயை வாங்கித் தாளிக்கும் உங்களுக்குச் செலவாக வந்திருக்கிறது.

வருமானம் குறைவான வீட்டில் உணவுச் செலவின் பங்கு அதிகமாக இருக்கும் என்பதை ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கல் 1857லேயே எடுத்துக்காட்டினார். நம் நாட்டில் 2023-24 குடும்பச் செலவுக் கணக்கெடுப்பின்படி, கிராமப்புறத்தில் மொத்தச் செலவில் சுமார் 47 சதவீதமும் நகர்ப்புறத்தில் சுமார் 40 சதவீதமும் உணவுக்குப் போகின்றன. உங்கள் செலவில் 60 சதவீதம் உணவுக்கென்றால், உணவு விலை 10 சதவீதம் ஏறும்போது மொத்தச் செலவு 6 சதவீதம் ஏறும்; 25 சதவீதம் மட்டுமே உணவுக்குச் செலவிடும் வீட்டில் அது இரண்டரை சதவீதத்தோடு நின்றுவிடும். ஆகவே செய்தியில் வரும் எண்ணை விட்டுவிட்டு, சென்ற ஆண்டின் இதே மாதத்து மளிகைச் சீட்டையும் இந்த மாதச் சீட்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சில விலைகள் ஏறி இறங்குபவை, சில ஏறினால் இறங்காதவை. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது, பிறகு இறங்கியது. அப்படிப்பட்ட வாரங்களில் புளியைக் கூட்டித் தக்காளியைக் குறைத்துச் சமாளித்துவிடலாம். வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் மருந்துச் செலவும் அப்படி இறங்கி வருவதில்லை. தக்காளிக்காகக் குடும்பத்தின் வரவு செலவையே மாற்ற வேண்டியதில்லை. வாடகை ஏறினால் மாற்றித்தான் ஆக வேண்டும்.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது பருப்பையும் முட்டையையும் பாதியாக்கியதுதான். பணம் போதாதபோது பெரும்பாலான குடும்பங்களில் முதலில் வெட்டப்படுவது அக்கம்பக்கத்தார் கண்ணில் படாத செலவு: குழம்பில் பருப்பு, பிள்ளையின் முட்டை, தள்ளிப்போடும் மருத்துவப் பரிசோதனை. கண்ணில் படும் செலவாகிய மொய், சீர், வண்டித் தவணை, செல்போன் ஆகியவை அப்படியே தொடர்கின்றன. இது யாருடைய குற்றமுமில்லை, உறவுக்குள் வாழ்பவர்களுக்கு அந்த நெருக்கடி உண்டு. ஆனால் வளரும் பிள்ளையின் தட்டிலிருந்து எடுத்து மொய் எழுதுவதை என்னால் சரியென்று சொல்ல முடியாது. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் இருக்கிறது. அதைத் திரும்ப வாங்கத் தொடங்குங்கள். ரேஷன் கடையில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைப்பதை ஒரு மாதம்கூட விட்டுவிடாதீர்கள். துவரம்பருப்பு போதாத நாட்களுக்கு நம் பக்கத்துக் கொள்ளும் தட்டைப்பயறும் இருக்கின்றன. கொள்ளில் உள்ள புரதம் துவரைக்குக் குறைந்ததன்று. வாரம் இருமுறை கொள்ளுப்பருப்புக் கடைந்தால் சத்துக் குறையாமல் செலவு குறையும்.

சின்னப் பாக்கெட் விஷயத்தில், நிறுவனங்கள் பல நேரங்களில் விலையை மாற்றாமல் எடையைக் குறைத்துவிடுகின்றன. 30 ரூபாய்க்கு 200 கிராம் இருந்தது 180 கிராமாகிவிட்டால், உறையில் அதே 30 ரூபாய் இருந்தாலும் நீங்கள் கொடுக்கும் விலை 11 சதவீதம் ஏறிவிட்டது. இப்போது பெரும்பாலான உறைகளில் மொத்த விலைக்குப் பக்கத்திலேயே ஒரு கிராமுக்கு அல்லது ஒரு மில்லிக்கு என்ன விலை என்பதும் அச்சிடப்பட்டிருக்கும். அதை ஒப்பிட்டு வாங்குங்கள். பெரிய பாக்கெட்டே எப்போதும் மலிவு என்றும் நம்பிவிட வேண்டாம். ஷாம்பு போன்றவற்றில் பாட்டிலைவிடச் சாஷே மலிவாக இருப்பதும் உண்டு. உறையில் உள்ள விலைக்கு மேல் கேட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

இனி நீங்கள் கேட்ட மொத்தக் கொள்முதல். அறுப்பு முடிந்து வரத்து மிகும் காலத்தில் வருடத்துக்கு வேண்டியதை வாங்கிக் காயவைத்து எடுத்துவைப்பது கொங்கு வீடுகளில் பழைய வழக்கம், நல்ல வழக்கமும்கூட. ஆனால் அதைக் கைப்பணத்தில் செய்ய வேண்டும். நூற்றுக்கு 2 ரூபாய் மாத வட்டிக்கு 10,000 ரூபாய் வாங்கி, மாதம் ஆயிரமாகப் பத்து மாதத்தில் அடைத்து, மீதி அசலுக்கு மட்டும் வட்டி கட்டினாலே வட்டி 1,100 ரூபாய் ஆகிறது. அசல் குறையக் குறைய வட்டியைக் குறைக்காமல் முழுத்தொகைக்கும் கணக்கிடுபவரிடம் வாங்கியிருந்தால் அதுவே 2,000 ரூபாய். நீங்கள் வாங்கிய விலையைவிடக் கடை விலை வருடம் முழுவதும் முதல் வகையில் 11 சதவீதமும், இரண்டாம் வகையில் 20 சதவீதமும் கூடுதலாக இருந்தால்தான் கணக்குச் சரியாகும். மூட்டை அரிசியில் வண்டு விழுந்தால் அந்த நட்டம் தனி.

எனவே கடன் வாங்க வேண்டாம். அரிசியை மாதாமாதமே வாங்குங்கள். புளியை மட்டும், புதுப்புளி வரும் மாசி, பங்குனியில் வருடத்துக்கு வாங்குங்கள். அதற்கான தொகையை இப்போதிருந்தே சம்பள நாளில் நூறு, இருநூறாகத் தனியே எடுத்து வையுங்கள். அதற்கு முன்பாகக் கடைக்காரரின் நிலுவையைத் தீருங்கள். நிலுவை நிற்கும்வரை விலை குறைந்த வேறு கடைக்கு மாறுவது உங்களுக்குச் சங்கடமாகவே இருக்கும், அவர் சொல்லும் விலைக்கே வாங்க வேண்டியும் வரும்.