31,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, நம்பி வாங்கலாமா?

கேள்வி: ஊருக்குள் ஓட்ட ஒரு சின்ன பெட்ரோல் கார், செகண்ட் ஹேண்டில் தேடுகிறேன். ஒரே மாடலில் இரண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறேன், இரண்டும் 1 லிட்டர், மூன்று சிலிண்டர். ஒன்றுக்கு 9 வயசு, 31,000 கிலோமீட்டர், ஒரே ஓனர், பக்கத்தில் போய்வர மட்டும்தான் எடுத்தாராம், சர்வீஸ் பில் எதுவும் இல்லை. இன்னொன்றுக்கு 6 வயசு, 84,000 கிலோமீட்டர், தினமும் நெடுஞ்சாலையில் வேலைக்குப் போய்வந்த வண்டி, பில் எல்லாம் அடுக்கி வைத்திருக்கிறார்கள். விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். "ரிப்பேரே வராத மாடல், கம்மியா ஓடினதை எடு" என்கிறார்கள் வீட்டில். எதை எடுக்கலாம்?

பதில்: நானாக இருந்தால் 84,000 ஓடிய வண்டியைத்தான் முதலில் போய்ப் பார்ப்பேன்.

குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆகும்போது வழக்கத்தைவிட அதிகமாகப் பெட்ரோலைக் குடிக்கும். அதில் கொஞ்சம் எரியாமல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலில் கலக்கும், கூடவே எரிந்த வாயுவில் இருக்கும் நீராவியும் உள்ளேயே குளிர்ந்து தண்ணீராகும். ஆயில் நன்றாகச் சூடேறினால் இரண்டும் ஆவியாகிப் போய்விடும், ஆனால் இரண்டு கிலோமீட்டர் போய் நிறுத்துகிற வண்டியில் ஆயில் எங்கே சூடாகிறது? அதனால்தான் கம்பெனிகள் "இத்தனை கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ" என்று ஆயில் மாற்றச் சொல்கின்றன. 9 வருட வண்டிக்கு எட்டு முறையாவது மாற்றியிருக்க வேண்டும். பில்லே இல்லை என்றால் இரண்டு மூன்று முறைதான் மாற்றியிருப்பார்கள் என்று வைத்துக்கொண்டுதான் பேரம் பேச வேண்டும். சைலன்சரும் இதே தண்ணீரால் உள்பக்கமிருந்து துருப்பிடிக்கும், பேட்டரிக்கும் முழு சார்ஜ் கிடைத்திருக்காது. கிளட்ச் தேய்வது எத்தனை முறை நின்று கிளம்பினீர்கள் என்பதைப் பொறுத்தது, ஊருக்குள் ஓடிய 31,000 அதற்கு நெடுஞ்சாலையின் 84,000-ஐவிட அதிக வேலை வைத்திருக்கலாம்.

அப்புறம் அந்த "ரிப்பேரே வராத மாடல்" சமாச்சாரம். டொயோட்டா அய்கோ, சிட்ரோயன் சி1, பெஜோ 107 என்று மூன்று கார்கள் 2005-லிருந்து செக் நாட்டின் கொலின் தொழிற்சாலையில் ஒன்றாக வந்தன, பெட்ரோலில் மூன்றுக்கும் அதே 998 சிசி டொயோட்டா இன்ஜின், ஆனால் மக்கள் பேட்ஜைப் பார்த்துத்தான் நம்பினார்கள். மாடலின் பெயர் ஆயிரக்கணக்கான வண்டிகளின் சராசரி, உங்கள் முன்னால் நிற்பதோ ஒருவர் வைத்து ஓட்டிய ஒரே ஒரு வண்டி.

மாடலைப் பற்றிக் கேட்பதென்றால் டைமிங் பெல்ட்டா செயினா என்று கேளுங்கள், அதாவது வால்வுகளைப் பிஸ்டனோடு நேரம் பிசகாமல் இயக்குவது ரப்பர் பெல்ட்டா, இரும்புச் செயினா என்று. மேலே சொன்ன 998 சிசி இன்ஜினில் செயின். ஃபோக்ஸ்வேகனின் 'அப்' (up!) என்ற சின்ன காரில் பெல்ட், அதை மாற்றிய பில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் ரப்பர் ஓடாமல் நின்றாலும் வயசாகும், அறுந்தால் பெரும்பாலான இன்ஜின்களில் வால்வு பிஸ்டனில் மோதி வளைந்துவிடும். ஃபோர்டின் பழைய 1.0 ஈகோபூஸ்ட், பெஜோ-சிட்ரோயனின் 1.2 ப்யூர்டெக் ஆகியவற்றில் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடும். பெட்ரோல் கலந்த ஆயில் அந்த ரப்பரை ஊறவைத்து உதிர்க்கும், துணுக்குகள் போய் ஆயில் பம்ப்பின் வலையை அடைக்கும். கம்மியாக ஓடிய வண்டிதான் அங்கே அதிக ஆபத்து.

நேரில் பார்க்கப் போகும்போது, முன்கூட்டி ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், போனதும் பானெட்டில் கை வையுங்கள். ஒருமுறை நான் போனபோது பானெட் கதகதவென்று இருந்தது, "இப்பத்தான் சும்மா ஒரு ரவுண்டு போனேன்" என்றார் விற்றவர், நானும் சும்மா திரும்பி வந்துவிட்டேன். குளிர்ந்த இன்ஜின்தான் உண்மை பேசும்: முதல் ஓரிரு நொடியில் செயின் கடகடப்பு, நீலப் புகை எல்லாம் அப்போதுதான் தெரியும். மூன்று சிலிண்டர் இன்ஜின் நின்ற இடத்தில் கொஞ்சம் அதிரும், அதற்குப் பயப்படாதீர்கள். ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய் மாதிரி படிந்திருந்தால் அது வெறும் ஈரமாகவும் இருக்கலாம், ஆனால் கூலன்ட்டும் குறைந்து, சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பகுதிக்கும் சிலிண்டர் பகுதிக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) போயிருக்க வாய்ப்பு அதிகம். நான்காவது கியரில் மெதுவாகப் போய் ஆக்ஸிலரேட்டரை அழுத்துங்கள், வேகம் ஏறாமல் இன்ஜின் சத்தம் மட்டும் ஏறினால் கிளட்ச் வழுக்குகிறது.

டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் 4 இலக்கம் இருக்கும், 2318 என்றால் 2018-ன் 23-வது வாரம் செய்தது. 31,000 ஓடியதாகச் சொல்லும் வண்டியில் நான்கு டயரும் இரண்டு முறை மாறியிருந்தால் மீட்டரைச் சந்தேகப்படலாம். ஒருமுறையும் மாறவில்லை என்றால் வாங்கியதும் நீங்கள்தான் மாற்ற வேண்டும்.

மெக்கானிக்கிடம் வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரைப் போடச் சொல்லுங்கள். பழுதுக் குறியீடு ஒன்றுமில்லை என்பது மட்டும் போதாது, வண்டியின் சுயபரிசோதனைகள் முடிந்திருக்கின்றனவா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பல பரிசோதனைகள் முடியாமல் நின்றால், யாரோ சமீபத்தில் அந்தக் குறியீட்டை அழித்திருக்கிறார்கள், இல்லையென்றால் பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள்.

கேள்வி: மெக்கானிக்கை அழைத்து வர ஓனர் சம்மதிக்கவில்லை என்றால்?

பதில்: வேறு வண்டி பாருங்கள்.

கேள்வி: அதே மாடலில் கிளட்ச் பெடல் இல்லாததும் கிடைக்கிறது. எடுக்கலாமா?

பதில்: எந்த வகை ஆட்டோமேட்டிக் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சின்ன கார்களில் பெரும்பாலும் ஏஎம்டி, அதாவது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்ச்சை அழுத்துவதையும் கியர் மாற்றுவதையும் மட்டும் உங்களுக்குப் பதில் வண்டியே செய்துகொள்கிறது. மேட்டில் பிரேக் போடாமல் ஆக்ஸிலரேட்டரிலேயே வண்டியைப் பிடித்து நிறுத்தும் பழக்கம் முந்தைய ஓனருக்கு இருந்திருந்தால் கிளட்ச் பாதி போயிருக்கும். ஓட்டிப் பார்க்கும்போது ஒரு சரிவில் நிறுத்தி, முன்னால் பின்னால் நாலைந்து தடவை எடுங்கள். கருகிய வாடை வந்தாலோ, கியர் விழத் தயங்கினாலோ கிளட்ச் செலவு முழுவதையும் விலையில் கழிக்கச் சொல்லுங்கள், ஒப்புக்கொள்ளாவிட்டால் மேனுவலுக்கே போங்கள்.