ஹால்ஸ்டாட்டில் ஓர் இரவு தங்கத்தான் வேண்டுமா?

கேள்வி: ஜூனில் குடும்பத்தோடு ஆஸ்திரியா போகிறோம். சால்ஸ்பர்க்கில் தங்கி, ஹால்ஸ்டாட்டுக்குக் காலையில் போய் மாலையே திரும்பிவிடலாமா? மாமியாருக்கு மூட்டுவலி, படியேற முடியாது.

பதில்: திரும்பிவிடலாம். ஆனாலும் ஓர் இரவு தங்குங்கள் என்றுதான் சொல்வேன். சுமார் 750 பேர் வசிக்கும் ஊர் அது. பகலில் வந்து குவியும் கூட்டத்தை அந்தக் குறுகலான தெருக்கள் தாங்குவதில்லை. பஸ்கள் போன பிறகுதான் நிம்மதியாக நடக்க முடியும். தவிர, ஏரியின் மேற்குக் கரையில் செங்குத்தான மலையடியில் ஊர் இருப்பதால், காலை வெயில் வீடுகள்மேல் நேராக விழும். பிற்பகலில் மலைநிழல் சீக்கிரமே மூடிவிடும். படமெடுக்கக் காலைதான் சரி.

ரயிலில் போனால் அட்னாங் புக்ஹைமில் வண்டி மாற வேண்டும். நிலையம் எதிர்க்கரையில் இருக்கிறது. ரயிலுக்கேற்ற நேரத்தில் படகு வந்து உங்களை ஊரில் இறக்கும். திரும்பும்போது கவனம்: கடைசிப் படகு சீக்கிரமே போய்விடும், அன்றைய நேரத்தை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

பலர் ஏரியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய குறை. இந்த ஊரே உப்பால் பிழைத்த ஊர். மேலே இருக்கும் உப்புச் சுரங்கத்தின் வரலாறு ஏறக்குறைய 7,000 ஆண்டு பழையது. உப்பு எதையும் அழுகவிடாது அல்லவா? அதனால் பழங்காலத் தொழிலாளர்களின் தோல் கூடை, கம்பளித் துணி, பந்தக்குச்சி எல்லாம் அப்படியே கிடைத்திருக்கின்றன. கி.மு. 1344-இல் வெட்டிய மரத்தாலான படிக்கட்டுகூட உள்ளே இருக்கிறது. 1846-இல் ராம்சாவர் என்ற சுரங்க அதிகாரி அங்கே இடுகாடு ஒன்றைக் கண்டுபிடித்து, 1863 வரை சுமார் 980 கல்லறைகளைத் தோண்டினார். ஐரோப்பிய இரும்புக்கால நாகரிகம் ஒன்றுக்கே ஹால்ஸ்டாட் என்று பெயர் வந்தது அப்படித்தான். சுரங்கத்துக்கு மலை ரயில் உண்டு. இறங்கியபின் ஏற்றத்தில் கொஞ்சம் நடக்க வேண்டும். பராமரிப்புக்காக மூடும் காலங்கள் உண்டு, டிக்கெட் எடுக்குமுன் விசாரியுங்கள்.

கத்தோலிக்கத் தேவாலயத்தை ஒட்டிய எலும்பு மண்டபத்தையும் விட்டுவிடாதீர்கள். இடுகாட்டில் இடம் போதாமல், சில ஆண்டுகள் கழித்து எலும்புகளை எடுத்து, மண்டையோட்டை வெயிலில் வெளுக்கவைத்து, நெற்றியில் பெயரெழுதி ரோஜாவோ ஐவி இலையோ வரைந்து அடுக்கியிருக்கிறார்கள். 600-க்கும் மேற்பட்டவை அப்படி வரையப்பட்டவை. பயமுறுத்தும் இடமல்ல, பாசத்தோடு செய்த வேலை.

இந்த இரண்டு இடங்களுக்கும் மாமியார் வர வேண்டாம். தேவாலயத்துக்கும் படியேற வேண்டும். படகுத்துறைக்கு அருகிலேயே சந்தைச் சதுக்கமும், கல்லறைப் பொருட்கள் வைத்த அருங்காட்சியகமும் இருக்கின்றன. ஏரிக்கரைத் தெருவும் பெரும்பாலும் சமதளம். நீங்கள் மேலே போய்வரும்வரை அவர் அங்கே வசதியாக இருக்கலாம்.

அறை கிடைக்காவிட்டால் அடுத்த ஊரான ஓபர்ட்ராவுனில் தேடுங்கள். ஹால்ஸ்டாட்டுக்கு பஸ் உண்டு. டாக்ஸ்டைன் மலைக்கு ஏறும் கேபிள் காரும் பனிக்குகையும் அந்தப் பக்கம்தான்.