மூளை பழையபடி ஆகட்டும் என்று காத்திருக்கலாமா?

கேள்வி: எனக்கு 31 வயது. ஈரோட்டில் ஒரு ஜவுளி ஏஜென்சியில் கணக்கு எழுதினேன். மனச்சிதைவு நோய்க்கு ஏழு மாதமாகச் சிகிச்சை. காதில் கேட்ட குரல்கள் நின்றுவிட்டன. ஆனால் பில்லில் பார்த்த எண், டேலி கணக்கு மென்பொருளில் தட்டுவதற்குள் மறந்துபோகிறது. முதலாளி வரச் சொல்கிறார். மூளை சரியாகும்வரை காத்திருக்கட்டுமா? – பெயர் வேண்டாம்

பதில்: காத்திருக்க வேண்டாம். எடுத்த எடுப்பில் முழு நாள் வேலையும் வேண்டாம்.

குரல்களை அடக்கும் மாத்திரைகள் கவனத்தையும் நினைவையும் அதே அளவுக்குச் சீராக்குவதில்லை. இந்தத் தடுமாற்றம் நோயின் ஒரு பகுதி, உங்கள் சோம்பல் அல்ல. வீட்டில் யாரேனும் அப்படிச் சொன்னால் இதைப் படித்துக் காட்டுங்கள். பார்த்ததைச் சில நொடிகள் மனதில் பிடித்துவைக்கும் திறன்தான் இப்போது குறைந்திருக்கிறது. எது பற்று, எது வரவு என்ற தொழிலறிவு பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

முதலில் மருந்துச் சீட்டைப் பாருங்கள். அதில் ட்ரைஹெக்ஸிஃபெனிடில் இருக்கிறதா? கை நடுக்கமும் விறைப்பும் வராமலிருக்கத் தருவது அது, நினைவை மங்கவைக்கும். தொடக்கத்தில் எழுதியது, தேவை முடிந்த பிறகும் பல சீட்டுகளில் தொடர்கிறது. பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் தரும் குளோனஸிபாமும் கவனத்தை மந்தமாக்கும். இரண்டையும் குறைக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்தக் கூடாது. நோய்க்கான முக்கிய மாத்திரையை விட்டால் குரல்கள் திரும்பக்கூடும்.

பிறகு இரண்டு வாரம் வீட்டிலேயே ஒத்திகை. பழைய பில்கள் 20 எடுத்து, செல்போனை வேறு அறையில் வைத்துவிட்டு, நோட்டில் பதியுங்கள். எத்தனையாவது நிமிடத்தில் பிழை தொடங்குகிறது என்று குறியுங்கள். 25 நிமிடம் என்றால், அலுவலகத்திலும் 20 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து ஐந்து நிமிடம் நடக்க வேண்டும். செல்போனில் வரும் மூளைப் பயிற்சி விளையாட்டுகளை நம்பி நேரத்தைச் செலவிடாதீர்கள். அதில் தேறினால் பெரும்பாலும் அந்த விளையாட்டில்தான் தேறுவீர்கள்.

சேரும் நாளையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மாதாமாதம் ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் நிறுவனமென்றால் 11, 20 தேதிகளுக்கு முன் நெருக்கடி இருக்கும். 21-க்குப் பிறகு சேருங்கள். முதல் இரண்டு வாரம் மூன்று மணி நேரம், அடுத்த இரண்டு வாரம் நான்கரை, அதன்பின் ஆறு. பலர் சறுக்குவது இங்கேதான்: முதல் மூன்று நாள் உற்சாகத்தில் இரவு எட்டு மணிவரை உட்கார்ந்து, தூக்கம் கெட்டு, இரண்டாம் வாரம் படுத்துவிடுகிறார்கள். உடனே ‘இவனால் முடியாது’ என்று எல்லோரும் தீர்மானித்துவிடுகிறார்கள். முடியாமல் போனதற்குக் காரணம் அந்த வேகம்தான்.

மேசையில் ஒரு நேரத்தில் ஒரே பில். வரிக்குக் கீழே ஸ்கேல் வையுங்கள். எண்ணை இரண்டிரண்டு இலக்கமாக வாய்க்குள் சொல்லித் தட்டி, முடிந்ததும் டிக் போடுங்கள். யாராவது கூப்பிட்டால், விட்ட இடத்தில் பென்சில் கோடு போட்டுவிட்டுத்தான் எழ வேண்டும். வாய்மொழி வேலைகளை எழுதி, உடனே திருப்பிப் படித்துக் காட்டுங்கள். சரிபார்ப்பை மறுநாள் காலைக்கு வையுங்கள்; களைத்த கண்ணுக்குத் தன் பிழை தெரியாது.

முதலாளியிடம் நோயின் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. “உடம்பு தேறிவிட்டது அண்ணா, டாக்டர் ஆறு வாரம் நேரம் குறைத்து வேலை பார்க்கச் சொல்கிறார்” என்றால் போதும். நேரத்தையும் சம்பளத்தையும் அப்போதே பேசி முடித்துவிடுங்கள்.

தொடர்ந்து இரண்டு இரவு தூக்கம் வராவிட்டால் அந்த வாரம் நேரத்தைக் கூட்டாதீர்கள், மருத்துவரை அழையுங்கள். அவர் கிடைக்காத நேரத்தில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. எந்நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம்.